தன் எரிபொருளைத் தானே சமைத்துக்கொள்ளும் அடுப்பு

சிம்னி விளக்கில் ஊற்றிய அதே மண்ணெண்ணெயைத்தான் பம்ப் ஸ்டவ்விலும் ஊற்றினோம். ரேஷன் கடையில் ஒரே பீப்பாயிலிருந்து ஒரே கேனில் பிடித்து வந்த எண்ணெய். விளக்கில் அது மஞ்சளாக எரிந்தது. திரியைச் சற்றுத் தூக்கிவிட்டால் கண்ணாடியில் கரி அப்பிக்கொண்டது. ஸ்டவ்வில் அது நீலமாக, இரைச்சலோடு எரிந்தது. பாத்திரத்தின் அடி கறுக்கவில்லை. எண்ணெய் ஒன்று, காற்று ஒன்று. பிறகு ஏன் இரண்டு விதமான தீ?

இந்தப் புதிருக்கான விடை 1892இல் ஸ்டாக்ஹோமில் பித்தளை அடுப்பாக உருவெடுத்தது. ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்ற இயந்திரத் தொழிலாளி செய்த அந்த அடுப்பின் பெயர் ப்ரைமஸ். நம் வீட்டு பம்ப் ஸ்டவ் அதன் நேர் வாரிசு. அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்குக் கையடக்க அடுப்பு என்றாலே ஸ்வீடன் என்றானது: ஆப்டிமஸ், ஸ்வேயா, ராடியஸ், டிராங்கியா. துருவத்துக்குப் போனவர்களும் மலை ஏறியவர்களும் முதுகில் சுமந்த அந்த அடுப்புகளை இன்று பல நாடுகளில் தேடிச் சேர்க்கிறார்கள். சேர்ப்பவர்களில் பலர் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நிற்பதில்லை. வாஷர் மாற்றி, அடைப்பு எடுத்து, பற்றவைத்து, தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். இந்த அடுப்புகளில் மூடி மறைத்த பாகம் எதுவும் கிடையாது. ஒரு ஸ்பானர் இருந்தால் முழுவதையும் கழற்றி மேசைமேல் பரப்பிவிடலாம். வெப்பம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறொரு வீட்டுப் பொருளை நான் பார்த்ததில்லை.

முதலில் தீயைப் பார்ப்போம். திரவம் எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது, தீயின் சூட்டில் அது ஆவியாகிறது, அந்த ஆவி பற்றிக்கொள்கிறது. இது வெறும் ஊகமில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளையோருக்காக மைக்கேல் ஃபாரடே நிகழ்த்திய மெழுகுவத்தி உரைகளில் இதைக் கண்முன்னே காட்டினார். 1860ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில் அவர் நிகழ்த்திய அந்த உரைகள் மறு ஆண்டு நூலாகவும் வந்தன. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் ஒரு முனையைத் தீயின் நடுவே இருக்கும் இருண்ட பகுதியில் நுழைத்தார். மறுமுனை வழியே வெண்ணிற ஆவி வெளிவந்தது. அங்கே தீ வைத்தபோது, மெழுகுவத்தியை விட்டுத் தள்ளி அந்த முனையில் இன்னொரு சுடர் எரிந்தது. எரியாத எரிபொருள் தீயின் நடுவிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறகு குழாயைச் சற்று மேலே, பளிச்சென்று ஒளிவிடும் பகுதிக்கு நகர்த்தினார். இப்போது வந்தது கரும்புகை.

அந்தக் கரும்புகைதான் மஞ்சள் ஒளிக்குக் காரணம். விளக்குத் தீக்குக் காற்று வெளிப்பக்கத்திலிருந்து மட்டுமே கிடைக்கிறது. உள்ளே இருக்கும் ஆவிக்கு ஆக்சிஜன் எட்டுவதற்கு முன்பே சூடு எட்டிவிடுகிறது. சூட்டில் மூலக்கூறுகள் உடைந்து, எரிய வழியில்லாமல் நுண்ணிய கரித்துகள்களாகத் திரள்கின்றன. அவை பழுக்கக் காய்ந்து ஒளிர்வதையே நாம் மஞ்சள் சுடர் என்கிறோம். துகள்கள் விளிம்பை அடையும்போது எரிந்து முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கண்ணாடியில் கரி. ஒரு எவர்சில்வர் கரண்டியை மஞ்சள் தீக்குள் ஒரு நொடி காட்டினால் கறுத்து வரும்; நீலத் தீக்குள் காட்டினால் கறுக்காது. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

அப்படியானால் கரி வராமல் தடுக்க என்ன வழி? எரிபொருள் தீயை அடையும் முன்பே அதில் காற்றைக் கலந்துவிட வேண்டும். 1855 வாக்கில் ஹைடல்பெர்க்கில் ராபர்ட் புன்சனின் ஆய்வகத்தில் உருவான எரிப்பான் இதைத்தான் செய்தது. பள்ளி ஆய்வகத்தில் நாம் எல்லோரும் பார்த்த அதே கருவி. அடியில் இருக்கும் துளையைத் திறந்தால் சுடர் நீலமாகும், மூடினால் மஞ்சளாகும். ஆனால் புன்சனுக்குக் குழாய் வழியே வாயு வந்துகொண்டிருந்தது. லிண்ட்க்விஸ்டின் கையில் இருந்ததோ திரவம், அதிலும் சுலபத்தில் ஆவியாகாத மண்ணெண்ணெய். அது ஏறத்தாழ 150 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி, 250 டிகிரிக்கு மேலும் போய்த்தான் முழுதாக ஆவியாகும். அதை வாயுவாக்கும் சூட்டுக்கு எங்கே போவது?

தீயிடமேதான். ஸ்வீடனில் கார்ல் ரிச்சர்ட் நிபெரி 1882 முதல் தயாரித்த ஊதுவிளக்கில் இதற்கான வழி ஏற்கெனவே இருந்தது. வண்ணத்தை உருக்கிச் சுரண்டவும் பற்றுவைக்கவும் பயன்பட்ட அந்தக் கைக்கருவியில், எரிபொருள் வரும் குழாய் தீயை ஒட்டியே வந்தது. வரும் வழியிலேயே அது ஆவியாகிவிடும். அந்த ஏற்பாட்டை மேல்நோக்கித் திருப்பி, அடியில் அகலமான தொட்டியும், தொட்டியில் ஒரு காற்று பம்பும், மேலே பாத்திரம் வைக்க மூன்று கால்களும் சேர்த்தால் ப்ரைமஸ்.

அதன் வேலையைப் படிப்படியாகப் பார்க்கலாம். பர்னருக்குக் கீழே உள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்கிறோம். இதுதான் முன்சூடு. ஸ்பிரிட் எரிந்து தீரும் தறுவாயில் பர்னர் குழாய்கள் மண்ணெண்ணெயை ஆவியாக்கும் அளவுக்குச் சூடேறியிருக்கும். காற்றுத் திருகை மூடி பம்ப் அடித்தால், தொட்டியில் அடைபட்ட காற்று எண்ணெயை மேலே தள்ளும். எண்ணெய் பர்னரின் வளைந்த குழாய்களுக்குள் ஏறி, அங்கே ஆவியாகி, நிப்பிளின் மயிரிழைத் துளை வழியாகச் சீறி வெளிவரும். சீறும் ஆவி சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. வேகமாகப் போகும் பேருந்தின் பின்னால் சாலையோரச் சருகும் தாளும் இழுபட்டு ஓடுவதைப் பார்த்திருப்போம். அங்கே பேருந்து எதையும் கையால் பிடித்து இழுப்பதில்லை, தான் நகர்த்திய காற்றின் வழியாகவே இழுக்கிறது. நிப்பிளில் நடப்பதும் அதுதான். ஒரு கிலோ மண்ணெண்ணெய் முழுதாக எரியச் சுமார் 15 கிலோ காற்று, அதாவது 12,000 லிட்டருக்கும் மேல், தேவை. மின்விசிறி இல்லாமல் இத்தனை காற்றைத் திரட்டுவதில் பெரும்பங்கு அந்த மயிரிழைத் துளையின் சீற்றத்துக்கு உண்டு. துளையில் ஒரு கரித்துகள் சிக்கினால் சீற்றம் கெடும், காற்று குறையும், தீ மஞ்சளாகும். ஸ்டவ் பின் வைத்து அம்மாக்கள் குத்திக் குத்திச் சரிசெய்தது காற்றின் அளவைத்தான்.

தீ பிடித்தபின் அதன் சூட்டில் ஒரு பங்கு பர்னர் குழாய்களுக்கே திரும்பிப் போகிறது. அந்தப் பங்கு அடுத்து வரும் எண்ணெயை ஆவியாக்குகிறது, அந்த ஆவி தீயாகிறது, அந்தத் தீ மறுபடி குழாய்களைச் சூடாக்குகிறது. விளைவே காரணத்துக்கு உணவாகும் இந்தச் சுற்றைப் பின்னூட்டம் என்கிறோம். முன்சூடு போதாமல் பம்ப் அடித்துவிட்டால் சுற்று தொடங்காது. நிப்பிளிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே பீச்சும், இரண்டடி உயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பும். பம்ப் ஸ்டவ் உள்ள வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த அடுப்பு ஒத்துவராது.

இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ப்ரைமஸ் வகைப் பர்னர்களில் இரண்டு குலம் உண்டு. ஒன்றில் ஆவியும் காற்றும் கலந்த ஓட்டம் மேலே ஒரு தட்டில் மோதிச் சிதறி எரியும். அந்தக் கொந்தளிப்புதான் இரைச்சல். மற்றதில் நுண்துளைகள் நிறைந்த மூடிகள் ஓட்டத்தைச் சிறு சிறு சுடர்களாகப் பிரித்துவிடும், சத்தம் அடங்கிவிடும். சமையலறைக்கு அமைதியான பர்னர் சிறந்தது. திறந்த வெளியில் என் ஓட்டு இரைச்சல் பர்னருக்கே. காற்றில் அது சுலபத்தில் அணையாது. சத்தத்தை வைத்தே அடுப்பு நலமாக இருக்கிறதா என்று கூடாரத்துக்குள் படுத்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

இந்த அடுப்பை உலகறியச் செய்தது வட துருவம். துருவப் பயணி ஃபிரித்யோஃப் நான்சென் 1895 மார்ச்சில் ஃப்ராம் கப்பலை விட்டு இறங்கி, ஹ்யால்மார் யோஹான்சென் என்ற ஒரே துணையோடும் நாய்வண்டிகளோடும் இந்த அடுப்போடும் வடக்கே போனார். பனிப்பாலையில் எரிபொருள் என்பது உணவுக்கு மட்டுமல்ல, குடிநீருக்கும்தான். சுற்றிலும் நீர் இருக்கும், ஒரு சொட்டுகூடத் திரவமாக இருக்காது. 0 டிகிரிப் பனிக்கட்டியை 0 டிகிரி நீராக உருக்குவதற்கே, அந்த நீரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலைவரை கொண்டுபோகத் தேவையான வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு செலவாகிறது. வெப்பமானியில் ஒரு டிகிரிகூட ஏறாமலே இவ்வளவு வெப்பத்தை விழுங்குவதால் இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

நான்சென் எடுத்துப்போன மண்ணெண்ணெய் சுமார் 20 லிட்டர்; அது 120 நாளுக்கு வந்ததாக அவர் எழுதியிருக்கிறார். இதை நம்பலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு ஒரு டம்ளருக்கும் குறைவான எண்ணெய், சுமார் 165 மில்லி. அதிலுள்ள ஆற்றல் முழுவதையும் ஒரு துளி வீணாக்காமல் பயன்படுத்தினால், மைனஸ் 30 டிகிரிப் பனியில் ஏறத்தாழ 7 கிலோவை உருக்கிக் கொதிக்க வைக்கலாம். இரண்டு பேருக்கு இரண்டு வேளைச் சூடான உணவும் குடிநீரும் இதற்குள் அடங்கும். ஆனால் வீணாக்கம் மிகக் குறைவாக இருந்தால்தான் அடங்கும். சாதாரணமாகத் திறந்த தீயின்மேல் வெறும் பாத்திரம் வைத்தால் பாதிக்கு மேல் வெப்பம் காற்றோடு போய்விடும். எனவே அவர் அதைத் தடுத்தாக வேண்டும், தடுத்தும் இருந்தார்.

நான்சென் குக்கர் என்று பெயர் பெற்ற அந்தப் பாத்திர அடுக்கு என் பார்வையில் ப்ரைமஸுக்குச் சமமான கண்டுபிடிப்பு. நடுவில் உணவுப் பாத்திரம். அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம், அதில் பனி. தீயின் சூடான புகை நடுப்பாத்திரத்தின் அடியில் பட்டு, இரண்டுக்கும் இடையே ஏறி, மேலே இருக்கும் பனித்தட்டின் அடியைத் தடவி, பிறகு வெளி உறைக்குள் கீழிறங்கி வளையப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தையும் சூடாக்கிவிட்டுத்தான் வெளியேறும். வெளியேறும் நேரத்தில் அதில் சூடு அதிகம் மிச்சமிருக்காது. கொதிக்கிற பாத்திரத்தில் பட்ட புகை 100 டிகிரிக்குக் கீழே ஒருபோதும் குளிராது. ஆனால் பனியில் பட்ட புகை உறைநிலைவரை குளிரலாம். அதனால்தான் கடைசியில் பனியை வைத்தார். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே போகும் என்ற எளிய விதியை இவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்திய சமையல் பாத்திரம் வேறில்லை. தென் துருவம் போன ஸ்காட்டும் அமுண்ட்சென்னும் இதே ஏற்பாட்டைத்தான் கொண்டுபோனார்கள்.

அவர்கள் இருவரையும் பிரித்தது அடுப்பல்ல, எண்ணெய் டின்னின் மூடி. ஸ்காட்டின் டின்களில் தோல் வாஷர் வைத்த திருகுமூடிகள். கடுங்குளிரில் தோல் இறுகிச் சுருங்க, இடுக்கு வழியே எண்ணெய் மெல்ல வெளியேறியது. 1912இல் திரும்பி வந்த குழு, வழியில் புதைத்து வைத்திருந்த கிடங்குகளில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டது. அமுண்ட்சென் தன் டின்களை ஈயம் பற்றுவைத்து மூடியிருந்தார். ஸ்காட்டின் குழு மடிந்ததற்குப் பசி, குளிர், நோய் என்று காரணங்கள் பல. எண்ணெய்ப் பற்றாக்குறையும் அவற்றில் ஒன்று.

இனி இன்னொரு புதிர். என்னிடம் இருக்கும் அடுப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது ஸ்வேயா 123. 1955இல் வந்த மாதிரி. அரைக் கிலோ எடை, டம்ளர் அளவு பித்தளைக் கோபுரம், சங்கிலியில் தொங்கும் ஒரு சாவி, தலைகீழாகக் கவிழ்த்த அலுமினியக் கிண்ணமே மூடி. ஆனால் இதில் பம்ப் கிடையாது. காற்றடைக்கும் வழியே இல்லை. ஆனாலும் ப்ரைமஸைப் போலவே உறுமிக்கொண்டு நீலமாக எரிகிறது. எரிபொருளை மேலே தள்ளுவது யார்?

இங்கே எரிபொருள் வெள்ளைப் பெட்ரோல். கூட்டுப்பொருள் சேராத, இலேசான பெட்ரோலிய வடிநீர். மூடிய பாத்திரத்தில் எந்தத் திரவமும் தன் ஆவியை மேலே நிரப்பிக்கொண்டே போகும். அந்த ஆவி சுவர்களை அழுத்தும். சூடு கூடினால் அழுத்தமும் கூடும். மண்ணெண்ணெய்க்கு இந்த ஆவியழுத்தம் அறை வெப்பத்தில் பொருட்படுத்தத் தக்கதல்ல. பெட்ரோலுக்கோ சிறிது சூடு கிடைத்தாலே போதும். ஸ்வேயாவின் தொட்டித் தலையில் ஒரு பள்ளம் உண்டு. அதில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் தொட்டியும் நடுத்தண்டும் ஒருசேரச் சூடாகும். தொட்டிக்குள் ஆவியழுத்தம் எழும். தண்டுக்குள் இருக்கும் பருத்தித் திரி எரிபொருளை மேலே சேர்க்கும். சாவியைத் திருகினால் தீ. பிறகு தண்டின் பித்தளை வழியாகத் தீயின் சூடு சிறிது சிறிதாகத் தொட்டிக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ப்ரைமஸ் தன் எரிபொருளை ஆவியாக்க மட்டும் தன் தீயைப் பயன்படுத்தியது. ஸ்வேயா அதைத் தள்ளவும் தன் தீயையே பயன்படுத்துகிறது. இவ்வகையைத் தன்னழுத்த அடுப்பு என்று சொல்லலாம்.

படிக்கும்போதே ஓர் அச்சம் எழ வேண்டும். தீ பெரிதானால் தொட்டி சூடாகும். தொட்டி சூடானால் தீ இன்னும் பெரிதாகும். இந்தச் சுற்று எங்கே போய் நிற்கும்? இரண்டு கடிவாளங்கள் இருக்கின்றன. நிப்பிள் துளையும் சாவியும் எவ்வளவு ஆவி வெளியேறலாம் என்பதற்கு எல்லை வைக்கின்றன. அடுத்தது, தொட்டி எவ்வளவுக்கெவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு வேகமாகச் சுற்றுப்புறக் காற்றிடம் சூட்டை இழக்கும். தண்டு வழியே வருவதும் காற்றிடம் போவதும் சமப்படும் இடத்தில் அடுப்பு நிலைகொள்கிறது. இந்தச் சமநிலையைக் கையாலேயே அறியலாம்: அடுப்பு எரியும்போது தொட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாகவோ, சற்றுச் சூடாகவோ இருக்க வேண்டும். கை வைக்க முடியாமல் சுட்டால் இழப்பு தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். காற்றுக்குப் பயந்து சுற்றிலும் தகடுகளை நெருக்கி வைப்பவர்களும், அடுப்பைவிடப் பல மடங்கு அகலமான சட்டியை மேலே ஏற்றி வெப்பத்தைக் கீழே திருப்பி அடிக்க விடுபவர்களும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். அழுத்தம் எல்லை மீறினால் தொட்டி மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வு திறந்து ஆவியை வெளியேற்றும். தொட்டி வெடிக்காது. ஆனால் வெளியேறும் ஆவி பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு தீநாக்கு நீளும். எனவே மூடியின் வால்வு ஒருபோதும் மனிதர்களை நோக்கி இருக்கக் கூடாது. பனிமேல் வைத்தால் நேர்மாறான தொல்லை: தொட்டி குளிர்ந்து தீ சோர்ந்துவிடும். அப்போது அடியில் ஒரு பலகைத் துண்டு போதும்.

மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அளக்க ஓர் எண் உண்டு. ஒரு திரவத்தின் மேலுள்ள ஆவி, நெருப்பு காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்கிறோம். மண்ணெண்ணெய்க்கு அது 38 டிகிரிக்கு மேல். பெட்ரோலுக்கு மைனஸ் 40ஐ ஒட்டி. அதாவது பெட்ரோல் நம் ஊரில் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. நம் செய்தித்தாள்களில் ஒரு காலத்தில் ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி என்ற செய்தி அடிக்கடி வந்தது. கசிவாலும், சூடான அடுப்பில் எண்ணெய் ஊற்றியதாலும் உண்மையிலேயே நேர்ந்த விபத்துகள் இருந்தன. ஆனால் வரதட்சணைக் கொலைகளை மறைக்கவும் ஸ்டவ்மேல் பழி போட்டார்கள் என்பது நீதிமன்றங்களில் நிரூபணமான உண்மை. இந்த அடுப்பைப் பற்றித் தமிழில் எழுதும் எவரும் அதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது என்று நினைக்கிறேன்.

அழுத்தமே வேண்டாம் என்பவர்களுக்கு டிராங்கியா. 1925இல் ஸ்வீடனின் யெம்ட்லாந்து பகுதியில் தொடங்கிய சிறு நிறுவனம், 1951இல் புயல் அடுப்பு என்று பெயர் சொல்லி ஒரு பாத்திரத் தொகுப்பை வெளியிட்டது. எரிப்பான் ஒரு சிறு பித்தளைக் கிண்ணம், இரட்டைச் சுவர் கொண்டது. ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் முதலில் நடுவில் மட்டும் எரியும். சிறிது நேரத்தில் சுவர்களுக்கு இடையே புகுந்த ஸ்பிரிட் கொதித்து, மேல்விளிம்பின் துளைகள் வழியே ஆவியாக வெளிப்பட்டுச் சுற்றிலும் ஒரு சுடர்வட்டம் எழும். இங்கும் அதே பின்னூட்டம், பம்ப், நிப்பிள், வால்வு எதுவும் இல்லாமல். ஸ்பிரிட் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் முன்கூட்டிக் காற்றுக் கலக்காமலே ஏறக்குறையக் கரியின்றி எரிகிறது. அதற்கு விலையும் உண்டு: கிலோவுக்கு அது தரும் வெப்பம் மண்ணெண்ணெய் தருவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சுமை கூடும்.

ஆனால் சுற்றியுள்ள உறையைப் பாருங்கள். அடிப்பகுதியில் ஒரு பக்கம் துளைகள். அந்தப் பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். பாத்திரம் உறைக்குள் இறங்கி உட்காருவதால் புகை அதன் பக்கங்களைத் தடவியே மேலேறும். மற்ற அடுப்புகள் காற்றோடு போராடும். இது காற்றைத் தன் ஊதுலையாக்கிக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பழுதாவதற்கு இதில் எதுவும் இல்லை.

இன்றைய கேஸ் குப்பி அடுப்புகள் எல்லாவற்றிலும் சுலபம், உண்மைதான். ஆனால் பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே திரவமாகவே நின்றுவிடும். உறைகுளிரில் குப்பி நிறைய எரிபொருள் இருந்தும் தீ வராது. புரொப்பேன் கலந்து சமாளிக்கிறார்கள். பம்ப் வைத்த பழைய மண்ணெண்ணெய் அடுப்புக்கு இந்தக் கவலை இல்லை, ஏனென்றால் அதன் அழுத்தம் வானிலையைச் சார்ந்ததல்ல, நம் கையைச் சார்ந்தது.

பழைய அடுப்பு வாங்க நினைப்பவர்கள் பித்தளையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. பருவமழை முடிந்து பார்த்தால் நீளவாக்கில் வெடிப்பு. காரணத்தை 1921இல் பிரிட்டிஷ் உலோகவியலாளர்கள் விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும், உறையைத் தகட்டிலிருந்து இழுத்து வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் கைகோத்ததன் விளைவு அது. தனித்தனியாக இரண்டும் தீங்கு செய்யாது. சேர்ந்தால் உலோகத் துகள்களின் எல்லை வழியே விரிசல் ஓடும். சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தினால் விரிசல் வருவதில்லை என்பதே அந்த விளக்கத்துக்குச் சான்று. அடுப்புத் தொட்டிகளும் அப்படி இழுத்து வடித்த பித்தளைதான். பளபளப்பாக்கும் திரவங்கள் சிலவற்றில் அமோனியா இருக்கிறது. நூறு வயதுத் தொட்டியைக் கண்ணாடியாக மின்ன வைக்க ஆசைப்பட்டு அதைத் தேய்ப்பது தேவையில்லாத வேலை. புளியும் சாம்பலும் போதும். தேய்த்த பின் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். என்னைக் கேட்டால், காலம் ஏற்றிய பழுப்பை விட்டுவிடுவதே அழகு.

மினுமினுப்பைவிடப் பார்க்க வேண்டியவை வேறு. தொட்டியில் காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்தினால் மயிரிழை விரிசலும் குமிழாகக் காட்டிக்கொடுக்கும். பம்பில் அழுத்தம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் காய்ந்துபோன தோல் வாஷர்தான். எண்ணெயில் ஊறவைத்து விளிம்பை விரித்துவிட்டால் உயிர் பெற்றுவிடும். அடித்த பம்ப் கைப்பிடி தானாக வெளியே தள்ளப்பட்டால், பம்பின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வின் தக்கை தேய்ந்துவிட்டது. ப்ரைமஸ் தொட்டிகளில் பொறித்திருக்கும் எழுத்துக்குறி தயாரித்த ஆண்டைச் சொல்லும். பழைய ஸ்பிரிட் கிண்ணங்கள் சிலவற்றில் கல்நார் அடைத்திருப்பார்கள். அதைக் காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்து. பனி நிறைந்த சில்லென்ற பாத்திரம் தீயைத் தொடும்போது, எரிதல் பாதியிலேயே குளிர்ந்து நின்று கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை. நீலத் தீயிலும் இது நிகழும். 1934இல் அண்டார்க்டிகாவில் ஒரு குடிலில் தனியாகக் குளிர்காலத்தைக் கழித்த ரிச்சர்ட் பைர்ட், அடுப்பின் பழுதான புகைபோக்கியாலும் மின்னாக்கியின் புகையாலும் இந்த நஞ்சுக்கு ஆளாகிச் சாவின் விளிம்புக்குப் போனார். ஆகஸ்டில் அவருடைய தளத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்ததால் பிழைத்தார்.

எனவே பழைய அடுப்பு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் தொட்டியைச் சோதியுங்கள், வாஷர்களை மாற்றுங்கள், திறந்த வெளியில் மட்டும் பற்றவையுங்கள், பக்கத்தில் ஒரு ஈரச்சாக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய்க்கென்று செய்த அடுப்பில் எக்காரணம் கொண்டும் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.